தும்மலில் உடைந்த கட்டம்

காமிக்ஸைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு உவப்பாக இராது என்று தெரியும். கவிதையைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது என்பார்கள். நான் எழுத உத்தேசித்திருப்பதும் ஒரு வகையில் கவிதையைப் பற்றித்தான். கவிதை எழுதுவதைப் பற்றிய கவிதைகளும், கதை எழுத உட்கார்ந்தவன் கதை வராமல் தவிப்பதைப் பற்றிய கதைகளும் நம்மிடையே மலிந்து கிடக்கின்றன. சுயபிரக்ஞை என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் இவற்றுக்கெல்லாம் நவீன அந்தஸ்து கிடைத்துவிடுகிறது. ஒரு கலை தன் குழந்தைப் பருவத்தில் உலகத்தைப் பார்க்கும், முதிர்ந்த பிறகுதான் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்றொரு கணக்கை நாம் பரிசீலிக்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இந்தக் கணக்கு தப்பு என்று எனக்குப் புரியவைத்தது ஒரு சிறுவனின் தும்மல்.

வின்ஸர் மக்கே 1904 முதல் 1906 வரை 'நியூயார்க் ஹெரால்ட்' பத்திரிகையில் ஒரு படத்தொடர் வரைந்துவந்தார். ஸாமி என்று ஒரு பையன். அவனுக்குத் தும்மல் வரும். மொத்தம் ஆறு கட்டங்கள். முதல் நான்கில் தும்மல் மூக்கில் ஏறிக்கொண்டே வரும். சுற்றியிருக்கும் பெரியவர்கள் எதையும் கவனிக்காமல் தங்கள் காரியங்களில் மும்முரமாக இருப்பார்கள். ஐந்தாவது கட்டத்தில் தும்மல் வெடிக்கும். மேஜை நாற்காலி, பீங்கான், மனிதர்கள் எல்லாம் பறக்கும். ஆறாவதில் பையனுக்குப் பின்புறத்தில் ஓர் உதை. வாரா வாரம் இதேதான். ஆனால் 1905 செப்டம்பர் 24ஆம் தேதி வந்த பக்கத்தில் பெரியவர்கள் இல்லை, மேஜை இல்லை, பின்னணி என்பதே இல்லை. வெறும் வெள்ளைக் கட்டத்துக்குள் ஸாமி தனியாக நிற்கிறான். தும்முகிறான். அவனைச் சுற்றியிருக்கும் கறுப்புக் கோடு, படக்கதையின் எல்லைக் கோடு, மரச்சட்டம்போல் நொறுங்குகிறது. கடைசிக் கட்டத்தில் ஒடிந்த கோடுகள் மேலே தொங்க, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அமெரிக்கப் பத்திரிகைகளில் படத்தொடர் என்ற உருவம் நிலைபெற்றுப் பத்து வருஷங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் அது தன் எலும்பை எடுத்து வெளியே காட்டிவிட்டது. 'முதிர்ச்சி' இங்கே எங்கிருந்து வந்தது? எனக்குத் தோன்றும் பதில் எளிமையானது. கட்டத்தின் கோட்டை வாசகன் பார்ப்பதில்லை. அதன் வழியாகப் பார்க்கிறான். ஆனால் வரைகிறவன் வாரந்தோறும் முதலில் போடுவது அந்தக் கோட்டைத்தான். அவனுக்கு அது ஜன்னல் அல்ல, அளந்து கொடுக்கப்பட்ட இடம். பத்திரிகை முதலாளி விலைக்கு வாங்கியிருக்கும் பரப்பளவு. உள்ளே அடைபட்டிருக்கும் பையனைவிட அதன் இறுக்கம் வரைகிறவனுக்குத்தான் அதிகம் தெரியும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வழக்கமாக உதைக்கும் பெரியவர்கள் இந்த வாரம் இல்லை. கட்டத்தையே உடைத்தவனை உதைக்க கட்டத்துக்குள் யாரும் மிஞ்சுவதில்லை.

மக்கேயின் இன்னொரு தொடரில், கனவுலகில் அலையும் நீமோ என்ற சிறுவனின் தொடரில், 1907இல் ஒரு பக்கம் வருகிறது. நீமோவும் கூட்டாளிகளும் பசியில் துடிக்கிறார்கள். தின்ன ஒன்றும் அகப்படவில்லை. தலைக்கு மேல் இருக்கும் தொடரின் தலைப்பு எழுத்துகளைப் பிய்த்துத் தின்ன ஆரம்பிக்கிறார்கள். விளையாட்டுதான். ஆனால் 1911இல் மக்கே 'ஹெரால்ட்'டை விட்டு ஹெர்ஸ்டின் பத்திரிகைகளுக்குப் போனபோது வழக்கு நடந்தது. பாத்திரங்களை அவர் எடுத்துக்கொள்ளலாம், தலைப்பு பழைய பத்திரிகைக்கே சொந்தம் என்று ஆயிற்று. வேறு தலைப்பில்தான் தொடர் வந்தது. தன் பாத்திரங்கள் தின்றுபார்த்த எழுத்துகள் தனக்குச் சொந்தமில்லை என்று அவர் நான்கு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டார்.

நம் கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையும் கேலி செய்வான், கூத்தாடுகிறவர்களையும் கேலி செய்வான், பார்க்க வந்தவர்களையும் விடமாட்டான். ஆனால் அது அவனுக்குக் கொடுக்கப்பட்ட உரிமை. ஆட்டத்துக்கு வெளியே கால் வைக்கவே அவன் நியமிக்கப்பட்டிருக்கிறான். படத்தொடரில் இப்படி யாரும் நியமிக்கப்படவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவனே திமிறி வெளியே பார்க்கிறான். இந்தச் சிரிப்புக்குத் தனியான ஒரு கரகரப்பு இருப்பது அதனால்தான்.

ஜார்ஜ் ஹெரிமனின் 'க்ரேஸி காட்' பிறந்ததே ஒரு பக்கத்தின் மிச்ச இடத்தில். 1910இல் ஹெர்ஸ்டின் 'நியூயார்க் ஈவினிங் ஜர்னல்' பத்திரிகையில் அவர் ஒரு குடித்தனக்காரக் குடும்பத்தைப் பற்றித் தொடர் வரைந்துவந்தார். மாடியில் குடியிருக்கும், முகமே காட்டாத குடும்பத்தோடு ஓயாத சண்டை. இந்தச் சண்டை மேலே நடந்துகொண்டிருக்க, கட்டத்தின் அடியில் கொஞ்சம் இடம் வீணாகக் கிடந்தது. அங்கே ஓர் எலி பூனையின் தலையில் எதையோ எறிந்தது. மனிதர்களின் காலடியில், தலைப்பு இல்லாமல், கதையோடு சம்பந்தம் இல்லாமல். 1913இல் அந்தப் பூனையும் எலியும் தனித் தொடராயின. பூனை எலியைக் காதலிக்கிறது. எலி பூனையின் தலையில் செங்கல் எறிகிறது. பூனை அதை அன்பின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பூனையின் மேல் மனசு வைத்திருக்கும் போலீஸ்கார நாய் எலியைச் சிறையில் அடைக்கிறது. 1944இல் ஹெரிமன் சாகும்வரை முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஒரே விஷயம்தான். பின்னணியில் அரிஸோனாப் பாலைவனம். ஒரு கட்டத்தில் மரமாக இருப்பது அடுத்த கட்டத்தில் பாறையாகும், பகல் இரவாகும், பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். சில நாள் எலியும் நாயும் தாங்களே பேனாவை எடுத்துத் தங்கள் உலகத்துக்குள் வரைய ஆரம்பித்துவிடும். மையால் ஆன ஒரு ஜந்து மையைத் தொட்டு எழுதுவதில் உள்ள வேடிக்கையை இவரளவுக்கு அலட்டாமல் செய்தவர்கள் குறைவு.

வெகுஜன வாசகர்கள் இதை ரசித்ததாகச் சொல்வதற்கில்லை. கில்பர்ட் ஸெல்டஸ் 1924இல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கி, அமெரிக்கக் கலையின் உச்சங்களில் ஒன்றாக வைத்தார். பத்திரிகாசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை, ஹெர்ஸ்டுக்குப் பிடித்திருந்தது, ஆகவே வந்துகொண்டிருந்தது. முதலாளியின் சொந்த ரசனை ஒரு கலைஞனைக் காப்பாற்றிய அபூர்வ உதாரணம் என்று இதைச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த நிழலில் இருந்தவருக்கு வெளியே சொல்ல முடியாத வேறொரு விஷயமும் இருந்தது. 1971இல்தான் அது தெரியவந்தது: 1880இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஹெரிமனின் பிறப்புச் சான்றில் 'கலர்டு' என்று இருக்கிறது. கறுப்பினத்தவரைக் குறிக்க அந்தக் காலத்துக் கச்சேரிகள் எழுதிய சொல் அது. வாழ்நாள் முழுவதும் அவர் வெள்ளையராகவே நடமாடினார். கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் கிரேக்கன் என்று கூப்பிட்டார்கள். இறப்புச் சான்றில் அவர் வெள்ளையர். இது தெரிந்த பிறகு சில பக்கங்களைப் பழையபடி பார்க்க முடிவதில்லை. ஒன்றில் கறுப்புப் பூனை அழகு நிலையத்துக்குப் போய் வெளுப்பாக வெளியே வருகிறது. எலி அந்த வெள்ளை அழகைக் கண்டு காதல்வசப்படுகிறது. இன்னார் என்று தெரிந்ததும் செங்கல். இதை ஒப்புதல் வாக்குமூலமாகப் படிப்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பிழைத்தவர், மையின் நிறம்தான் அந்தஸ்தை நிர்ணயிக்கிறது என்பதை ஒரு சித்திரப் பூனையை வைத்துச் சொல்லிச் சிரித்திருக்கிறார். 'உருவத்தின் சுயபிரக்ஞை' என்ற வார்த்தை இந்த இடத்தில் எனக்குப் போதவில்லை.

இந்தச் சிரிப்பு மிகக் கூர்மையாக வெளிப்பட்ட வருஷம் 1954. அதே வருஷம் படக்கதைக்கு அமெரிக்காவில் கழுத்தில் கயிறு விழுந்தது.

முதலில் வால்ட் கெல்லி. ஜார்ஜியாவின் சதுப்புநிலத்தில் வாழும் பிராணிகளைப் பற்றிய 'போகோ' தொடரை வரைந்தவர். அவருடைய பிராணிகள் கட்டத்தின் கோட்டில் சாய்ந்துகொள்ளும். அதில் தீக்குச்சி உரசும். பாதிரியார் பேசினால் பேச்சுக் குமிழுக்குள் எழுத்து பழைய கோதிக் அச்சில் வரும். சர்க்கஸ்காரன் பேசினால் சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி. 1953இல் செனட்டர் மெக்கார்த்தியின் முகஜாடையோடு ஒரு காட்டுப்பூனையைக் கெல்லி உள்ளே விட்டார். கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த சமயம். அடுத்த வருஷம் ப்ராவிடன்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்று எச்சரித்தது: அந்த முகம் இன்னொரு தடவை வந்தால் தொடரை நிறுத்திவிடுவோம். கெல்லி முகத்தை எடுத்துவிட்டார். எப்படி? ப்ராவிடன்ஸ் இருப்பது ரோட் ஐலண்ட் மாநிலத்தில். அங்கிருந்து ஒரு கோழி - ரோட் ஐலண்ட் ரெட் ஜாதிக் கோழிதான், நம் பண்ணைகளிலும் வளர்க்கிறார்களே அதுவே - சதுப்புநிலத்துக்கு வருகிறது. அதைக் கண்டதும் காட்டுப்பூனை ஒரு பையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்கிறது. ப்ராவிடன்ஸ்காரர் யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாதாம்.

உத்தரவு அட்சரம் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது. முகம் வரவில்லை. ஆனால் உத்தரவே கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தலையை மூடிய அந்தப் பை பார்க்க கூ க்ளக்ஸ் க்ளான்காரர்களின் முகமூடி மாதிரி இருந்தது கெல்லிக்குத் திருப்தி. தணிக்கைக்காரனின் கையாலேயே கேலிச்சித்திரத்துக்கு ஒரு கூடுதல் கோடு போடவைத்துவிட்டார். பிற்பாடு அரசியல் வாடையுள்ள நாட்களுக்கெல்லாம் பயந்த பத்திரிகைகளுக்கென்று மொசுமொசுவென்ற முயல்குட்டிகளை வைத்து மாற்றுத் தொடர் வரைந்து அனுப்பும் வழக்கத்தையும் வைத்துக்கொண்டார். உங்கள் பத்திரிகையில் முயல்குட்டிகள் வந்தால், சுயமாக யோசிக்க உங்களுக்குத் தகுதியில்லை என்று உங்கள் பத்திரிகை நினைக்கிறது என்று அர்த்தம் - வாசகர்களுக்கு அவர் சொல்லிவைத்தது இது. முயல்குட்டி எந்தத் தப்பும் செய்யவில்லை. அது வெறுமே அங்கே இருப்பதுதான் நகைச்சுவை.

இரண்டாவது 'மேட்'. 1952இல் ஹார்வி கர்ட்ஸ்மன் ஆரம்பித்த இந்தப் பத்திரிகையின் வேலையே மற்றப் படக்கதைகளைக் கேலிசெய்வது. வெளியிட்ட வில்லியம் கெய்ன்ஸ் பயங்கரக் கதைகளும் குற்றக் கதைகளும் போட்டுச் சம்பாதித்தவர். படக்கதை பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று மனநோய் மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் 1954இல் புத்தகம் எழுதினார். ஏப்ரலில் செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. வெட்டிய பெண் தலையைக் கையில் பிடித்திருக்கும் ஓர் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கெய்ன்ஸைக் கேட்டார்கள். பயங்கரக் கதைக்கான அட்டை என்ற அளவில் ஆம் என்று அவர் சொன்னது மறுநாள் பத்திரிகைகளில் அடிபட்டது. அக்டோபரில் பதிப்பாளர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியை ஏற்படுத்திக்கொண்டார்கள். அதே மாத 'மேட்' இதழின் அட்டை தினசரிப் பத்திரிகையின் முதல் பக்கம் மாதிரி இருந்தது: காமிக்ஸ் தலைமறைவாகிவிட்டது என்று செய்தி.

இதுகூடச் சாமர்த்தியம் என்றுதான் சொல்வேன். நவம்பர் இதழில் வந்தது வேறு ரகம். ஜார்ஜ் மக்மேனஸின் 'ப்ரிங்கிங் அப் ஃபாதர்' 1913 முதல் அமெரிக்கா பூராவும் படிக்கப்பட்ட குடும்பத் தொடர். திடீர்ப் பணக்காரன் ஜிக்ஸ் பழைய சகாக்களோடு குடிக்கப் போவான்; திரும்பி வந்தால் மனைவி பூரிக்கட்டையையும் தட்டுகளையும் அவன் தலையில் எறிவாள். தனித் தொடரான செங்கல் பூனையும் இதே 1913தான், இரண்டுக்கும் முதலாளி ஹெர்ஸ்ட். எறிவது அவர்களுக்கு லாபகரமாக இருந்திருக்கிறது. கர்ட்ஸ்மன் இதற்குக் கேலி எழுதி, இரண்டு ஓவியர்களிடம் கொடுத்தார். முதல் பக்கத்தை வில் எல்டர் மக்மேனஸின் கையை அச்சாகப் பின்பற்றி வரைகிறார்: தட்டு பறக்கிறது, தலையில் நட்சத்திரம், சிரிப்பு. பக்கத்தைத் திருப்பினால் பெர்னார்ட் க்ரிக்ஸ்டீன். அதே வீடு, அதே மனிதன், ஆனால் நிழலும் தசையும் உள்ள உடம்பு. வீங்கிய முகம். காயங்கள் வலிக்கின்றன என்கிறான். அடுத்து மறுபடியும் எல்டர், மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் க்ரிக்ஸ்டீன். இப்படி மாறி மாறி.

நாற்பது வருஷம் அடிவாங்கிய பாத்திரத்துக்கு முதல்தடவையாக ரத்தக்கட்டு வருகிறது. முந்தின பக்கத்தில் நாம் சிரித்தது எதைப் பார்த்து என்று அடுத்த பக்கம் கேட்கிறது. படக்கதையில் கோடு எப்படிப்பட்டது என்பது வெறும் பாணி விவகாரம் அல்ல, யாருக்கு வலிக்கும், யாருக்கு வலிக்காது என்பதைத் தீர்மானிப்பதே அதுதான் - இதை எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இதை நகைச்சுவையாகவே செய்தார்கள் என்பது முக்கியம். சிரித்துக்கொண்டே படிக்கிறோம், சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது, மறுபடியும் சிரிக்கவைக்கிறார்கள்.

க்ரிக்ஸ்டீனைப் பற்றி இன்னும் ஒன்று. கெய்ன்ஸின் ஸ்தாபனத்தில் ஓவியனுக்கு வரும் அட்டையில் கட்டங்களும் வசனமும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். உள்ளே படம் போடுவதுதான் அவன் வேலை. மறு வருஷம் அவர் கைக்கு ஆறு பக்கக் கதை ஒன்று வந்தது. நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு பழைய நாஜி வதைமுகாம் அதிகாரியை ஒருவன் அடையாளம் காண்கிற கதை, 'மாஸ்டர் ரேஸ்'. க்ரிக்ஸ்டீன் பன்னிரண்டு பக்கம் கேட்டு, எட்டு கிடைத்தது. அட்டையைக் கத்தியால் வெட்டி, எழுதியிருந்த வசனங்களைப் பெயர்த்து, கட்டங்களைக் கீற்றுக்கீற்றாகத் தானே அமைத்து ஒட்டினார். ஸாமி தும்மி உடைத்த கோட்டை இவர் பிளேடால் அறுத்தார், வேடிக்கைக்காக அல்ல.

ஐரோப்பாவுக்கு வந்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அங்கே கோடு என்பது அலுவலகம். பெல்ஜியத்து வாரப் பத்திரிகை 'ஸ்பிரூ'வில் 1957 பிப்ரவரி 28ஆம் தேதி பக்க ஓரங்களில் யாருடையவோ காலடித் தடங்கள் தெரிந்தன. விளக்கம் இல்லை. பிறகு ஓர் இளைஞன் வந்து நின்றான். பெயர் காஸ்தோன். எதற்கு வந்தாய் என்றால் வேலைக்கு. என்ன வேலை என்றால் தெரியாது. யார் அனுப்பியது என்றால் நினைவில்லை. ஆந்த்ரே ஃப்ராங்கேன் வரைந்த இந்த 'உத்தியோகமற்ற கதாநாயகன்' சாகசம் எதுவும் செய்வதற்கில்லை. அவன் வேலை பார்ப்பது நாம் கையில் வைத்திருக்கும் பத்திரிகையின் அலுவலகத்தில்தான். அச்சுப்பிழை வந்தால், மை கொட்டினால், வாசகர் கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால் காரணம் அவன். ஒப்பந்தத்தோடு வரும் வியாபாரி ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போடாமலே ஓடுவார்.

ஃப்ராங்கேன் அந்தப் பத்திரிகையின் முதுகெலும்பு. அதன் தலைமைத் தொடரை வரைந்து, 1961 கடைசியில் உடம்பும் மனசும் உடைந்து படுத்தார். சாகசத் தொடர் நின்றது. அவரால் விடாமல் வரைய முடிந்தது வேலையே செய்யாத காஸ்தோனை மட்டும். இதை ஒரு ஆச்சர்யமாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சர்யம் இல்லை. பின்னாளில் பக்கத்தின் அடியில் இருக்கும் அவர் கையெழுத்துகூட அந்த வாரச் சம்பவத்தில் நனையும், தீப்பிடிக்கும், நசுங்கும். 1977இல் அதே பத்திரிகைக்குள், அலுவலக நிலவறையில் திருட்டுத்தனமாகத் தயாராவதாகப் பாவனை செய்த ஓர் இணைப்பு முப்பது வாரம் வந்தது. அதில்தான் கருநிழலாகவே வரையப்பட்ட அவருடைய மரணச் சிரிப்புகள் ஆரம்பமாயின.

பிரான்ஸின் மார்க்-அந்த்வான் மத்தியூவை இந்த வரிசையின் சிகரம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 1990இல் வந்த 'லொரிஜின்' என்ற புத்தகத்தில் கதாநாயகனுக்குத் தன் கதையின் பக்கங்களே தபாலில் வருகின்றன. ஒரு பக்கத்தில் ஒரு கட்டத்தையே வெட்டி ஓட்டை போட்டிருக்கிறார்; அதன் வழியாக அடுத்த பக்கத்துக் கட்டம் இந்தப் பக்கத்திலும் படிக்கக் கிடைக்கிறது. கதாநாயகனின் குடும்பப் பெயரைத் திருப்பி உச்சரித்தால் காஃப்கா. அபாரமான மூளை. ஆனால் எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வரவில்லை. அந்த ஓட்டையை யாரும் தடுக்கவில்லை. பதிப்பாளர் செலவு செய்து போட்டுக் கொடுத்தார். அந்தக் கதாநாயகன் உத்தியோகம் பார்ப்பது நகைச்சுவை அமைச்சகத்தில் என்பது ஆசிரியருக்கே இது தெரியும் என்பதற்கு அத்தாட்சி.

சிரிப்பு வேறிடத்தில் தொடர்ந்தது. ஆர்ட் ஸ்பீகல்மன் கர்ட்ஸ்மனைப் படித்து வளர்ந்தவர். 'மாஸ்டர் ரேஸ்' பற்றி 1975இல் இருவரோடு சேர்ந்து நீண்ட ஆராய்ச்சி எழுதியவர். ஆஷ்விட்ஸில் இருந்து மீண்ட தன் தகப்பனாரின் கதையை 'மௌஸ்' என்று இரண்டு பாகங்களாக, 1986லும் 1991லும், வெளியிட்டார். யூதர்கள் எலிகள்; ஜெர்மானியர்கள் பூனைகள். இரண்டாம் பாகத்தின் ஆரம்பத்தில் பிரெஞ்சுக்கார மனைவியை என்ன பிராணியாக வரைவது என்று அவளிடமே விவாதிக்கிறார். இதையெல்லாம் சொல்லிப் புலம்பிக்கொண்டே போகிறவர், நிஜத்தில் என்றால் குறுக்கே பேசாமல் இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டிருப்பாயா என்கிறார். குபீரென்று சிரிப்பு வருகிறது. காரில் போவது எங்கே என்பது நினைவுக்கு வந்ததும் அடங்குகிறது.

அடுத்த அத்தியாயத்தில் முதல் பாகம் வெற்றி பெற்றுவிட்டது. ஸ்பீகல்மன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். எலி முகம் இப்போது முகமல்ல. மனிதத் தலையில் கயிற்றால் கட்டிய முகமூடி. முடிச்சு பின்னந்தலையில் தெரிகிறது. மேஜைக்கு அடியில் பிணக்குவியல். நிருபர்கள் அதன்மேல் ஏறி நின்று கேள்வி கேட்கிறார்கள்; வியாபாரி ஒருவன் புத்தகத்தை வைத்துச் சரக்கு விற்க யோசனை சொல்கிறான். பதில் சொல்லச் சொல்ல அவர் உருவம் சிறுத்துக் குழந்தையாகிறது. அந்த அளவிலேயே எழுந்து நடந்து மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறார். மருத்துவரும் முகாமில் இருந்து தப்பி வந்தவர். அவர் வீடு முழுக்கத் தெருவில் இருந்து வந்து சேர்ந்த நாய்களும் பூனைகளும். இதைக் குறிப்பிடலாமா, குறிப்பிட்டால் நான் கட்டியிருக்கும் உருவகமே கெட்டுப்போகுமா என்று ஸ்பீகல்மன் கட்டத்துக்குள்ளேயே நம்மைக் கேட்கிறார். முகமூடி கட்டிய இரண்டு எலிகள் பேசிக்கொண்டிருக்கும் அந்த அறையில், சட்டம் போட்ட ஒரு வளர்ப்புப் பூனையின் புகைப்படம். அது நிஜமாகவே அங்கே இருந்தது என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டிருக்கிறார்.